கோழிக்கு வந்தால் சீக்கு, எனக்கு வந்தால் சளி

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் அக்கா நந்தினி போன் செய்தாள். "பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் எழுதறே. என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ பண்ணுன கூத்த மட்டும் ஏன் உட்டுட்டே?" என்று கேட்டாள்.

விட்டுவிடவில்லை. அம்மாவின் அனுமதிக்காகக் காத்திருந்தேன். அம்மா இந்த ஜென்மத்தில் அனுமதி தரப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் எங்கள் கோழிப் பண்ணை. பண்ணைக்குள்ளேயே வீடு. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டு நாட்களாக வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சுத்தம் என்றால், பரணில் பல வருடங்களாக யாருக்கும் தொந்தரவு தராமல் படுத்திருந்த தூசியை எழுப்பி என் மூக்குக்கு அனுப்பி வைப்பது.

கடைசியாக ஷோகேஸுக்கு வந்தாள். மயில் பொம்மைக்குப் பக்கத்தில் என்னுடைய இரண்டு இன்ஹேலர்களும், அவற்றை மாட்டி இழுக்கும் பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. மூன்றையும் வாரி ஒரு துணிப்பையில் போட்டாள்.

"அம்மா, அது வேணும்."

"ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை பாத்துட்டு இது என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"மருந்துன்னு சொல்லுவேன்."

"எதுக்கு மருந்துன்னு கேட்டா?"

"மூச்சுக்குன்னு."

"அதைத்தான் சொல்ல வேண்டாங்கறேன். அவங்க போற வரைக்கும் சும்மா இரு. ரெண்டு மணி நேரம்."

ஆஸ்துமா நல்ல குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே தலைகாட்டாது என்று அம்மா நம்பினாள்.

மூன்று பெயர்கள்

எனக்கு அது வந்தது பதின்மூன்று வயதில். மார்கழிக் குளிரில் விடியும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். விசில் என்னுடையதுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு மூன்று பெயர்கள் இருந்தன. உறவினர்கள் முன்னால் சளி. மருந்துக் கடையில் வீசிங். வீட்டுக்குள், கதவைச் சாத்திய பிறகு, எளப்பு. நான்காவது பெயர் ஒன்று உண்டு. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அதை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் சுவர் கேட்டுவிடும், சுவர் போய்த் தரகரிடம் சொல்லிவிடும்.

சளி என்று அறிவித்துவிட்டதால் சளிக்கான வைத்தியர்கள் வரிசையில் வந்தார்கள். கற்பூரவல்லி, தூதுவளை, மிளகு, மஞ்சள், இவை எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தது, அரைத்ததைக் காய்ச்சியது. எல்லாவற்றையும் குடித்தேன். எனக்கு நல்ல நாக்கு இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன், அது செத்துப்போன பிறகு.

பரமத்தி வேலூரிலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, மாதம் ஒரு முறை வந்து என் நெஞ்சை ஆராய்ந்தார். "முட்டைதான் காரணம். முட்டையை நிறுத்து" என்றார். முட்டை விற்றுச் சாப்பிடும் வீட்டின் நடுக்கூடத்தில், இரண்டு அவித்த முட்டைகளுக்கு மிளகு தூவிக்கொண்டே இதைச் சொன்னார். இன்ஹேலரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் பழகிப்போயிரும் பாப்பா. அப்பறம் உடவே உடாது." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வந்து அடுத்த வெற்றிலையை மடித்தார். பழகிப்போவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

கோழிகளின் மூச்சு

இதில் என்னைக் கொஞ்சம் புண்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. என் அப்பா மூச்சு விஷயத்தில் நிபுணர்.

தினமும் விடிவதற்கு முன், ஷெட்டில் விளக்கு போடுவதற்கு முன், அப்பா உள்ளே போய் நடைபாதையில் அசையாமல் நிற்பார். கோழிகள் அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரம் அது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். பத்தாயிரம் கோழிகளில் ஒரு கோழி மூச்சை இழுக்கும்போது கர்ரென்றால் அவருக்குக் கேட்டுவிடும். உடனே போன். நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் பைக்கில் பறந்து வருவார். தண்ணீரில் மருந்து கலக்கப்படும். ஷெட்டின் பக்கவாட்டுத் திரைகள் தூக்கப்படும். எருவிலிருந்து காரமான வாடை அடிக்கிறதா என்று அப்பா மோந்து மோந்து பார்ப்பார். "கோழிக்குக் காத்துதானுங்க முக்கியம்" என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பார்.

அதே அப்பா வீட்டுக்கு வந்து, கர்ரென்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "சளி கட்டியிருக்குது, சுடுதண்ணி குடி சாமி" என்பார். கோழிக்கு வந்தால் சீக்கு. எனக்கு வந்தால் சளி.

அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்லவில்லை. கோழிக்குச் சீக்கு என்றால் ஊரில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

நீலமும் ஆரஞ்சும்

நியாயமாக இருக்க வேண்டுமென்றால் என் பங்கையும் சொல்ல வேண்டும்.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்து விளக்கமாகத்தான் சொன்னார். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது தினமும் காலையிலும் மாலையிலும். நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டும். அது மூச்சுக் குழாயின் உள்வீக்கத்தை மெதுவாக அடக்கி வைக்கும். எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நீலம் அவசரத்துக்கு, இறுக்கிப் பிடிக்கும்போது. அடிக்கடி நீலம் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், உடனே வர வேண்டும். ஒரு குழாயில் ஊதி மூச்சின் வேகத்தை அளக்கும் கருவியும் வாங்கச் சொன்னார். வாங்கினோம். அதை நான் பேனா போட்டு வைக்கப் பயன்படுத்தினேன்.

ஆரஞ்சை இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்தேன். அருமையாக இருந்தது. விசில் இல்லை, இருமல் இல்லை. மாடிப்படியில் ஓடினேன். இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று என் மூளை கேட்டது. அது பதினொன்றாம் வகுப்பில் உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கிய மூளை. நிறுத்திவிட்டேன். மாமா சந்தோஷப்பட்டார். அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

பிறகு நீலம் மட்டும்தான். வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை, பிறகு தினமும். பள்ளியில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துக்கொள்வேன். புஸ் என்ற சத்தம் கேட்டு வகுப்புத் தோழி ஒருத்தி, "என்ன சென்ட் போடறே, வாசமே வரலையே" என்று கேட்டாள். வெளிநாட்டுச் சென்ட் என்றேன். ஆஸ்துமாக்காரி என்று பெயர் எடுப்பதைவிட வாசமில்லாத சென்ட் போடுகிறவள் என்று பெயர் எடுப்பது கௌரவமாகத் தோன்றியது.

தை மாதத்தின் அந்தக் காலையில் நான் இருந்த நிலை இதுதான்.

பீரோவுக்கு முன்னால்

ஏழு பேர் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பெயர் பிரபு. திருச்செங்கோட்டுப் பக்கம். சொந்தமாக ரிக் வண்டி, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். கார் எங்கள் முட்டை டெம்போவுக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தாள். கோழி வாடை தெரியக்கூடாதாம். பண்ணைக்குள் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கோழி இருப்பது தெரியக்கூடாது என்ற திட்டத்தை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து சாம்பிராணிப் புகை, அடுப்படியில் மிளகாய் பஜ்ஜிப் புகை, இரண்டுக்கும் நடுவில் நான். கேசரித் தட்டை எடுத்துக் கொடுத்தபோதே நெஞ்சு இறுக ஆரம்பித்தது.

அம்மாவிடம் போய்க் காதில், "பை எங்க?" என்றேன். அம்மா கண்ணால் காட்டினாள். உள் அறை பீரோ. அந்த அறையில்தான் பெண்கள் நந்தினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பீரோக் கதவில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி, சௌகரியமாக அமர்ந்திருந்தார். அம்மா யாரிடமிருந்து மறைத்தாளோ அவரையே காவலுக்கு உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்க" என்றாள் அம்மா.

பின்வாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். முழங்கால் மேல் கைகளை ஊன்றிக்கொண்டேன். இதை அனுபவிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூச்சை உள்ளே இழுக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வெளியே விடுவதுதான் முடியாது. பழைய மூச்சு போகாமல் உள்ளேயே தங்கிவிடும், புதியதற்கு இடம் இருக்காது. கழுத்து நரம்பு, தோள்பட்டை எல்லாம் வேலைக்கு வந்துவிடும். அம்மா என்று கூப்பிட நினைத்தேன். "ம்" மட்டும் வந்தது. வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலைகள் ஆடின. அவ்வளவு காற்று அங்கே இருந்தது. அப்போதுதான் முதல் முறையாக, நான் செத்துப்போய்விடுவேனோ என்று தோன்றியது. அந்த நினைப்பில் கிண்டல் எதுவும் இல்லை.

கூடத்தில் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவிடம் மக்காச்சோளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் நிறுத்தினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அறைக் கதவு வழியாக நந்தினி இதைப் பார்த்தாள்.

"என்னங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க. ஒரு சத்தம் கேக்குது" என்று எழுந்து நேராகப் பின்வாசலுக்கு வந்தார்.

குனிந்து என் முதுகில் காது வைத்தார். அரை நிமிடம் இருக்கும். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத பயம் இருந்தது. உள்ளே போனார். "மருந்து எங்க?" என்று அம்மாவிடம் கேட்டது வீடு முழுவதும் கேட்டது. அம்மா பீரோவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்றார் அப்பா, மாப்பிள்ளையின் தாயாரிடம்.

குழாயை மாட்டி நீலத்தை அடித்தோம். ஒன்று, இரண்டு, நான்கு. கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி இறுகியது. மாதக்கணக்கில் வீக்கத்தை வளரவிட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் சரிசெய்யச் சொன்னால் அந்த நீல டப்பா என்ன செய்யும். அப்பா டெம்போச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். டெம்போவுக்கு முன்னால் கார்.

"தம்பி, வண்டியக் கொஞ்சம் நவுத்துங்க."

பிரபு என்னைப் பார்த்தார். "நவுத்தறது என்னங்க மாமா, ஏறுங்க. நானே வாரேன்" என்றார்.

எதுவும் பேசி முடிக்காத நிலையில் அவர் மாமா என்று கூப்பிட்டதை, அந்தக் களேபரத்திலும் அம்மா கவனித்துவிட்டாள்.

டாக்டர் கேட்டது

காரில் ஒரு வாசனை டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. மல்லிகையா, எலுமிச்சையா என்று கண்டுபிடிக்கும் நிலையில் நான் இல்லை. யாரும் சொல்லாமலே பிரபு அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். கையில் ஊசி போட்டார்கள். பணியில் இருந்தது இளம் பெண் டாக்டர். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். வாசலருகே பிரபு என் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காரிலேயே கழன்று விழுந்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். "சளிங்க, இன்னைக்குத்தான் கொஞ்சம் அதிகமாயிருச்சு" என்று சொன்னால் போதும். அக்காவின் சம்பந்தம் பிழைத்துவிடும். நான் முகமூடிக்குள்ளிருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் சளி என்று சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குள் பாதி ஆசைப்பட்டது.

"மூணு வருசமா இருக்குதுங்க" என்றார் அப்பா. "ஆஸ்துமா. டாக்டர் தெளிவாத்தான் சொன்னாருங்க. தெனமும் அடிக்கச் சொன்ன மருந்த அடிக்கலீங்க. நாங்க அடிக்க உடலீங்க. இன்னைக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வந்தாங்கன்னு அவசரத்துக்கு இருந்ததையும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டோம்."

நான் முகமூடியைக் கழற்றினேன். "நாந்தான்... நிறுத்துனேன்."

டாக்டர் முகமூடியைத் திரும்ப மாட்டினார். "யாரு நிறுத்துனதுன்னு அப்புறம் சண்டை போட்டுக்குங்க. " என்று அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கோழிப் பண்ணைங்க."

"வீடு எங்க?"

"பண்ணைக்குள்ளயேதாங்க."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் ஒரு நிமிடம் ஓய்வு எடுப்பார்கள் போலிருக்கிறது.

மாலையில் பேச முடிந்தது. கட்டிலருகே அப்பா மட்டும் இருந்தார். "நல்லா இருக்கும்போதும் தெனம் அடிச்சா பழகிப்போயிராதா சாமி?" என்று மெதுவாகக் கேட்டார். மாமாவின் குரல் இன்னும் அவருக்குள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது.

"நல்லா இருக்கற கோழிக்கு எதுக்குப்பா தடுப்பூசி போடறீங்க?"

"சீக்கு வந்தாப் பொறவு போட்டு என்ன..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். வெகு நேரம் என் படுக்கை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஷெட் ஒன்று, ஷெட் இரண்டு, பாப்பா

நான்கு நாட்கள் கழித்துத் தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ ஒன்று சரியாக இல்லையாம். ஏற்கெனவே மூன்று ஜோசியர்கள் பார்த்துப் பிரமாதம் என்று சொன்ன அதே ஜாதகம். கிரகங்களுக்கும் நீல நிற இன்ஹேலரைப் பார்த்தால் பயம்போல. பிரபு தம்பி மட்டும், சின்னப் பொண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதாகத் தரகர் சொன்னார்.

அம்மா இரண்டு வாரம் சாப்பாடு தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. நந்தினியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன வேணும்னேவா பண்ணுனே" என்றாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "அந்த வாசனை டப்பாவத் தூக்கி எறிஞ்சாருன்னு சொன்னியே. அதுக்காவது கட்டியிருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா என்னைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பராமரிப்பு ஒன்றுதான். இலவம்பஞ்சு மெத்தை வெளியேறியது. சாம்பிராணிக்குத் தடை. சாமிக்கு இனி விளக்கு மட்டும் போதும் என்று அப்பாவே சாமி சார்பில் முடிவு செய்தார். தீவனம் அரைப்பது நான் பள்ளிக்குப் போன பிறகுதான். பண்ணையிலிருந்து வந்தால் வெளியிலேயே குளித்து, வேட்டி மாற்றி, அதன் பிறகுதான் வீட்டுக்குள் வருவார். மார்கழியிலும் அப்படித்தான். பல் கிட்டிக்க, "ஒண்ணும் குளிரலீங்க" என்று வேலையாட்களிடம் பொய் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஊதும் கருவி. பேனாக்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, தினமும் காலை என்னை ஊத வைத்தார். பண்ணை அலுவலக அறைச் சுவரில் ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஓர் அட்டை தொங்கும். தீவனம், தண்ணீர், முட்டை. அந்த வரிசையில் மூன்றாவதாக என் அட்டை தொங்கியது. ஷெட் ஒன்று, ஷெட் இரண்டு, பாப்பா. என் எண் இறங்கினால் முட்டை லாரி டிரைவர் வரை விசாரிப்பார்கள். "பாப்பா ரெண்டு நாளா கொறைவா ஊதிருக்குதே, மழை வருமுங்களா?" மூன்று வருடம் சுவருக்குக்கூடத் தெரியாமல் காத்த ரகசியம் அந்தச் சுவரிலேயே ஆணியடித்துத் தொங்கியது.

இழந்ததும் உண்டு. பள்ளிவிட்டு வந்ததும் ஷெட்டுக்குள் ஓடி, கூண்டு ஓரமாக உருண்டு வரும் சூடான முட்டைகளைக் குழி வைத்த அட்டையில் அடுக்குவது எனக்குப் பிடித்த வேலை. அதன் பிறகு நான் ஷெட்டுக்குள் போகவே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். மாத்திரை, மருந்து எதையும்விட அதுதான் கசந்தது.

அம்மா கடைசிவரை தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் ஆரஞ்சை எடுத்துவிட்டு வரும்போது, வாய் கொப்பளிக்க ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் காலையிலும் மாலையிலும் தொட்டியருகே இருக்கும். யார் வைத்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து நந்தினிக்கு வேறு இடம் அமைந்தது. பேச்சு ஆரம்பிக்கும் முன்பே அப்பா என் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "எங்க ஊட்டுலயும் ரெண்டு பேருக்கு இருக்குதுங்க, பாப்பா என்ன மருந்து எடுக்குது?" என்று கேட்டு, அவர்கள் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். இத்தனை சுலபமா என்று அம்மாவுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

மலைக்கோட்டை

நந்தினியின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், நாமக்கல் கடைவீதியில் வளையல் வாங்கிவிட்டு வந்தோம். எதிரே மலைக்கோட்டை. நான் அதுவரை ஏறியதில்லை. பள்ளியில் எல்லோரையும் கூட்டிப்போன நாளில் எனக்கு மட்டும் சளி.

"ஏறலாமா?" என்றேன்.

நந்தினி என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாகிட்டக் கேட்டியா?"

"டாக்டர்கிட்டக் கேட்டேன்." கடினமாக எதையாவது செய்வதற்குக் கால் மணி நேரம் முன்னால் நீலத்தை அடித்துக்கொண்டு, அவசரப்படாமல் போகலாம் என்று சொல்லியிருந்தார். கடைவீதியில், வளையல்காரர் பார்த்துக்கொண்டிருக்க, குழாயை மாட்டி அடித்துக்கொண்டேன். அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்தவில்லை.

பாறையில் செதுக்கிய படிகள். செங்குத்து. நான் எண்ணி எண்ணி ஏறினேன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து விட்டேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கீழே பேருந்துகளின் ஹாரன் சத்தம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பாதி தூரம் வந்திருப்போம். பின்னால் செருப்புச் சத்தத்தைக் காணோம்.

திரும்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் போடாத என் அக்கா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருடி, மூச்சு வாங்குது" என்றாள்.

நான்கு படி இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் நெஞ்சைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"உனக்கு வாங்கலையா?"

"வாங்குது" என்றேன். "எல்லாருக்கும் வாங்கற மாதிரிதான்."